எபிரேய எழுத்தின் தகுதியும் சிறுவன் சான்றும்

யூதர்தம் தொழுகைக்கூடங்களில் ஓதப்பெறும் தோரா இன்றளவும் தோலில் கையால் எழுதப்பெறும் சுருளே ஆகும். 3,04,805 எழுத்துக்கள் கொண்ட அச்சுருளில் ஓரெழுத்துக் குறையினும், திருத்தப்பெறும் வரை அது ஓதுதற்குத் தகுதியற்றது என்பது பொதுநெறி. கையிலும் தலையிலும் கட்டும் தெஃபிலின் பேழைகளுக்குள் வைக்கும் தோலேடுகளும், வாயில்நிலையில் பதிக்கும் மெசூசா ஏடும் இந்நெறிக்கு உட்பட்டவையே. ஆயின் ஓரெழுத்தின் வடிவமே ஐயத்திற்கு இடமாகுமிடத்து அதனைத் தீர்ப்பவர் யார் என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

பாபிலோனியத் தல்மூதின் மெனாகோத் பகுதி (ஏடு 29) இதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. யாத்திராகமம் 13:15இல் 'வய்யஹரோக்' (கொன்றான்) என்றொரு சொல் வருகிறது. ரமி பார் தமரி என்பவரிடம் இருந்த ஏட்டில் அச்சொல்லின் முதலெழுத்தாகிய வாவின் கால், தோலில் விழுந்த துளையால் அறுபட்டது. வாவ் கால் நீண்ட எழுத்து. கால் குறுகின் அது யோத் ஆகிவிடும். அப்போது சொல் 'யேஹாரேக்' (கொல்லப்படுவான்) என நிற்கும். எகிப்தின் தலைப்பிள்ளைகளைக் கொன்ற இறைவன் தானே கொல்லப்படுபவன் ஆவான். ஒரு மயிரிழை நீளத்தில் இத்துணைப் பெரிய நிந்தை அடங்கியிருந்தது. வழக்கு ரப்பி செய்ராவிடம் வந்தது. அவர் தாமே நோக்கித் தீர்ப்புரைத்தாரல்லர். அறிவாளியும் அல்லாத, மூடனும் அல்லாத ஒரு சிறுவனைக் கொணர்ந்து வாசிக்கச் செய்யுமாறு பணித்தார். 'கொன்றான்' என அவன் வாசிப்பின் ஏடு தகுதியுடையது, இன்றேல் தகுதியற்றது.

அறிவு மிக்க சிறுவன் இடம் நோக்கிச் சொல்லை ஊகித்துவிடுவான். மூடனோ எழுத்து முழுமையாக இல்லையேல் தகுதியுடையதையும் வாசிக்க அறியான் என உரையாசிரியர் விளக்குவர். பொருளில் நாட்டமின்றி எழுத்தை மட்டும் காணும் கண்ணே ரப்பி செய்ராவுக்கு வேண்டியிருந்தது. ஐயத்திற்குரிய எழுத்தைச் சூழ்ந்த பிற எழுத்துக்களை மறைத்துக் காட்டுதல் வேண்டுமா எனப் பிற்காலத்தார் வாதிட்டதும் ஊகத்திற்கு வழியடைக்கும் பொருட்டே.

எனினும் சிறுவன் சான்று கூறுபவனே, நடுவன் அல்லன். எழுத்தின் குறை வெளிப்படையாகப் புலப்படுமிடத்து அவன் பிழையற வாசிப்பினும் பயனில்லை. வாவோ யோதோ, தாலெத்தோ ரேஷோ என அளவிலும் மூலையிலும் எழும் ஐயங்களுக்கே அவன் அழைக்கப்பெறுவான். இவையும் சிறியன அல்ல. உபாகமம் 6:4இல் 'எஹாத்' (ஒருவன்) என்பதன் இறுதித் தாலெத் மூலை மழுங்கி ரேஷாயின், 'அஹேர்' (வேறொருவன்) என்றாகும். அவ்விடத்துத் தாலெத்தைப் பெரிதாக எழுதுவது மரபு.

சிறுவன் கண்ணுக்கு எட்டாத பிழையும் ஒன்று உண்டு. ரேஷ் வேண்டுமிடத்துத் தாலெத் எழுதிவிட்டு, மிகுந்த மூலையைச் சுரண்டி ரேஷாக்குதல் கூடாது. மை சேர்ப்பது எழுதுதல்; மை நீக்கி வடிவம் காண்பது எழுதுதல் ஆகாது. இதனை 'ஹக் தோகோத்' என்பர். அவ்வாறு தோன்றிய ரேஷ் குற்றமற்றதாகவே காட்சியளிக்கும்; எந்தச் சிறுவனும் அதனை ரேஷ் என்றே வாசிப்பான். எழுதினோன் மனச்சான்றன்றி அதற்கு வேறு சான்றில்லை. எழுதுவோர் இறையச்சம் உடையோராதல் வேண்டுமென நூல்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவெனக் கருதலாம்.

தெஃபிலின், மெசூசா ஏடுகளில் எழுத்துக்கள் வரிசைமுறைப்படியே எழுதப்பெறல் வேண்டும். பின்னர்க் கண்ட பிழையைத் திருத்தின் வரிசை கெட்டு ஏடு வீணாகும். தோராச் சுருளுக்கு இக்கட்டுப்பாடில்லை. எழுத்தின் வடிவம் அழியவில்லை எனச் சிறுவன் வாசிப்பால் உறுதிப்படின், அவ்வெழுத்தைப் பின்னரும் செப்பனிடலாம். 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ இயற்றிய 'ஷுல்கான் அரூக்' இத்திருத்த விதிகளை முறைப்படுத்துகிறது. இஸ்ராயேல் மேயர் காகன் (1838-1933) எழுதிய 'மிஷ்னா பெரூரா' அவற்றை எழுத்துதோறும் விரித்துரைக்கிறது. விடுபட்ட எழுத்தையும் மிகையெழுத்தையும் இக்காலத்தில் கணினி கண்டு காட்டுகிறது. வடிவத்தில் ஐயம் எழுமாயின் இன்றும் ஒரு சிறுவனே அழைக்கப்பெறுகிறான்.