கலவரம் என்னும் சொல்



செய்திகளிலே நாம் அடிக்கடி கேட்கும் சொற்களுள் கலவரம் என்பதும் ஒன்று. இச்சொல் முதலிலே மனத்துக்கு உரியது. அச்சத்தால் உள்ளம் கலங்குவதைக் கலவரம் என்றனர். 'கலவரமடைந்தான்' எனக் கதையாசிரியர் இன்றும் எழுதுவர். செய்தி எழுதுவோர் கையிலே அது தெருவுக்கு வந்துவிட்டது. அதன் அருகே கலகம், கிளர்ச்சி என்னும் சொற்களும் நிற்கின்றன. கலகம் என்றால் அரசுக்கு எதிரான குற்றம் என்னும் சாயல் தோன்றும்; கிளர்ச்சி என்றால் உரிமை நாடி எழுந்தது என்னும் மதிப்புப் பிறக்கும். இவற்றுள் எதனைத் தேர்வது என்பது வெறுஞ் சொல்லழகு பற்றிய வினா அன்று. உயிரும் மானமும் அதனைச் சார்ந்து நின்றமைக்கு நம் நாட்டு வரலாறே சான்று.

1817 ஆம் ஆண்டிலே ஊவாவில் மக்கள் ஆங்கில ஆட்சியை எதிர்த்து எழுந்தனர். அதனை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொலைத் திசாவை, மக்களின் பக்கமே சேர்ந்துகொண்டார். ஆட்சியாளர் அதனைக் கலகம் என்றனர். அதன் தலைவர்களைத் துரோகிகள் என வர்த்தமானியிலே அறிவித்தனர். 1818 நவம்பரிலே கெப்பெட்டிப்பொலையின் தலை கொய்யப்பட்டது. அந்த அறிவித்தலை இலங்கை அரசு நீக்கி, அவரையும் அவருடன் பெயர் குறிக்கப்பட்டோரையும் தேசிய வீரர் எனப் பிரகடனஞ் செய்தது 2016 ஆம் ஆண்டிலேதான். ஏட்டிலேறிய ஒரு சொல்லைத் திருத்த ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் சென்றன.

அடுத்தது 1915. வெசாக் காலத்திலே கண்டியில் மூண்ட பகை பல மாவட்டங்களுக்குப் பரவிற்று. முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஆங்கில ஆட்சியோ அதனை முடிக்கு எதிரான சதியெனச் சந்தேகித்தது. யூன் 2 ஆம் நாள் இராணுவச் சட்டம் பிறந்தது. டி. எஸ். சேனநாயக்கா போன்றோர் சிறைப்பட்டனர். ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் இராசத்துரோகக் குற்றஞ் சாட்டப்பெற்று, யூலை 7 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். இது கலவரமே, இராசத்துரோகம் அன்று என்று சட்டநிரூபண சபையிலே வாதாடியவர் பொன்னம்பலம் இராமநாதன். 1916 இல் இலண்டனிலே வெளிவந்த அவரது நூலின் தலைப்பிலும் கலவரம் என்னும் பொருள்தரும் சொல்லே முன்னின்றது. ஒரு சொல்லை மற்றொரு சொல்லால் மாற்றுவது தூக்குமேடைக்கும் விடுதலைக்கும் இடைப்பட்ட வழக்காயிற்று. ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. ஆட்சியாளரும் அவரை எதிர்த்தோரும் நிகழ்த்திய அந்தச் சொற்போரிலே, தாக்குண்ட முஸ்லிம்களின் துயர் பின்னே தள்ளப்பட்டது.

இனி, 1983 யூலை. கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன, மக்கள் கொல்லப்பட்டனர். வாக்காளர் இடாப்புகளைக் கையிலே கொண்டு கும்பல்கள் வீடு தேடி வந்தன. அதனை இனக்கலவரம் என்றே செய்திகள் பல எழுதின. ஆடிக்கலவரம் என்று தமிழரும் சொல்வதுண்டு. கலவரம் என்றவுடன் இரு சாரார் கைகலந்தனர் என்றே கேட்பவர் எண்ணுவர். பட்டியல் பிடித்து வந்தவரையும் பின்கதவால் ஓடியவரையும் ஒரே சொல் அடக்கிவிடுகிறது. கறுப்பு யூலை என்னும் பெயர் வழக்கில் ஊன்றியமைக்கு இந்தக் குறையும் ஒரு காரணம் எனலாம்.

'கலவரம் வெடித்தது', 'கலவரத்திலே பலர் மாண்டனர்' என்னும் வாக்கியங்களை நோக்குக. வெடித்தது கலவரம், வெடிக்கச் செய்தவர் எங்கே? மாண்டனர் பலர், கொன்றவர் யார்? எழுவாயாக மனிதர் நிற்கவேண்டிய இடத்திலே கலவரம் நிற்கிறது. மழை பெய்தது, புயல் அடித்தது என்பனபோல மனிதர் செய்த கொடுமையும் இயற்கையின் செயலாகிவிடுகிறது.

முதல் மணி நேரத்திலே உண்மை முழுவதும் தெரியாதபோது பொதுச்சொல் ஒன்று செய்தியாளருக்கு வேண்டியதே. விவரம் தெரிந்த பின்பும் அதனையே தொடர்ந்து வழங்குவதுதான் பிழை. ஆதலின் இச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் யார் செய்தார், யாருக்குச் செய்தார், தடுக்கவேண்டியவர் எங்கே இருந்தார் என்னும் மூன்று வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும். விடை அச்செய்தியிலே இல்லையெனின், செய்தி இன்னும் முடியவில்லை என்பதே பொருள்.