நகக்கண்ணில் ஓர் எழுத்து: 'ட்வின் பீக்ஸ்' ஊகங்களின் சரித்திரம்

துப்பறியும் கதைகளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி துப்பறிவாளனைப் பற்றியதாகவே இருக்கிறது. பார்த்தவர்கள் யார் யாரைச் சந்தேகப்பட்டார்கள், யாரைச் சந்தேகப்படத் தோன்றாமல் விட்டார்கள் என்பதை யாரும் பெரிதாக எழுதி வைப்பதில்லை. பதில் தெரிந்த மறுநாளே தப்பான ஊகங்கள் குப்பைக்குப் போய்விடுகின்றன. ஆனால் ஒரு சமூகம் எதைக் காண மறுத்தது என்று தெரிந்துகொள்ள அந்தக் குப்பையைவிட நல்ல ஆவணம் வேறில்லை என்று எனக்குப் படுகிறது.

1990 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 'ட்வின் பீக்ஸ்' தொடங்கியது. உருவாக்கியவர்கள் டேவிட் லிஞ்ச், மார்க் ஃப்ராஸ்ட். வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லைக்குப் பக்கத்தில், மரம் அறுக்கும் ஆலையை நம்பி வாழும் ஒரு கற்பனை ஊர். பிளாஸ்டிக் தாளில் சுற்றப்பட்டு ஏரிக்கரையில் ஒதுங்கிக் கிடக்கிறது லாரா பாமர் என்ற பள்ளி மாணவியின் உடல். விசாரிக்க வருகிறார் எஃப்.பி.ஐ. அதிகாரி டேல் கூப்பர். முதல் நாளே சுமார் 3.4 கோடிப் பேர் பார்த்தார்கள். கொன்றது யார் என்று தொடர் சொன்னது நவம்பர் 10 அன்று. நடுவிலிருந்த ஏழு மாதங்களில் நடந்த ஊகங்கள்தான் நமக்கு வேண்டியவை. நான் இந்தத் தொடரைப் பார்த்தது ரொம்பப் பிந்தி, பதில் தெரிந்த பிறகு. அப்படிப் பார்ப்பவனுக்குக் கதையின் மர்மம் போய்விடுகிறது, பார்த்தவர்களின் மர்மம் மிஞ்சுகிறது: கண்ணெதிரே நின்றவனை எப்படிக் காணாமல் விட்டார்கள்?

பத்து வருஷத்துக்கு முன்னால் இதே அமெரிக்கா இன்னொரு கேள்வியோடு மாதக்கணக்கில் திரிந்தது. 'டல்லாஸ்' தொடரில் ஜே.ஆர். யூயிங்கை 1980 மார்ச்சில் யாரோ சுட்டார்கள். நவம்பரில் பதில் வந்தது, 8 கோடிக்கும் மேலானவர்கள் பார்த்தார்கள். சுட்டவள் அவனுடைய கொழுந்தியாள். அதில் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை, ஜே.ஆரைச் சுட வீட்டில் ஆளுக்கொரு நியாயம் இருந்தது. எண்ணெய், பணம், துரோகம் என்று எல்லாம் வெளியே தெரிந்த கணக்கு. லாரா விஷயம் தலைகீழ். எல்லோரும் நேசித்த பெண் அவள். அவளைக் கொல்ல யாருக்கும் காரணமில்லை. அதனால் காரணம் எங்கோ ஆழத்தில் ஒளிந்திருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. இந்த 'ஆழம்' என்பதில்தான் சிக்கலே.

எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைத் தொடரே பாடமாக நடத்தியது. முதல் பகுதியிலேயே, லாராவும் அவள் தோழி டோனாவும் மலையில் ஆடிப் பாடும் வீடியோவைக் கூப்பர் போட்டுப் பார்க்கிறார். படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, லாராவின் கண்மணியில் ஒரு மோட்டார் சைக்கிள் பிரதிபலிப்பதைக் கண்டுபிடிக்கிறார். வி.சி.ஆர். வைத்திருந்த ரசிகர்கள் அதையே வீட்டில் செய்தார்கள். பெயர்ப் பட்டியலைக்கூட விடவில்லை. பெயர்ப் பட்டியலும் அவர்களை ஏமாற்றியது: இரண்டாம் பருவத்தில் வந்த ஜப்பானிய வியாபாரி தோஜமுராவின் பாத்திரத்தில் நடித்தவர் ஃபுமியோ யாமகுச்சி என்று போட்டார்கள். அப்படி ஒரு நடிகரே கிடையாது. மாறுவேடத்தில் இருந்தவர் பைப்பர் லாரி.

கார்லோ கின்ஸ்பர்க் 1979-இல் எழுதிய கட்டுரையொன்றில் மொரெல்லி, ஷெர்லக் ஹோம்ஸ், ஃப்ராய்டு மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறார். ஓவியம் யார் வரைந்தது என்று அறிய மொரெல்லி முகத்தைப் பார்ப்பதில்லை, காதுமடலையும் நகத்தையும் பார்ப்பார். முக்கியமில்லாதது என்று விடப்பட்டதில்தான் உண்மை கசியும் என்பது அவர் முறை. 'ட்வின் பீக்ஸ்' அதை அப்படியே எடுத்துக்கொண்டது. பிணவறையில் கூப்பர் லாராவின் மோதிரவிரல் நகத்துக்கடியிலிருந்து ஓர் எழுத்தை இடுக்கியால் எடுக்கிறார்: 'ஆர்'. முன்பு கொல்லப்பட்ட தெரசா பேங்க்ஸின் நகத்தில் கிடைத்தது 'டி'. ரோனெட்டிடம் 'பி' கிடைக்கிறது. எழுத்துகளைக் கோத்து ராபர்ட் என்று பெயர் கட்டுவது பிறகு ரசிகர்களுக்கு ஒரு தொழிலாகவே ஆயிற்று. பல்கலைக்கழகக் கணினிகளை இணைத்த வலையில் அப்போது நடந்த விவாதங்களை ஹென்றி ஜென்கின்ஸ் ஆராய்ந்திருக்கிறார். டேவிட் லாவரி தொகுத்து 1995-இல் வந்த நூலில் அந்தக் கட்டுரை இருக்கிறது. அங்கே பேசியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், கணினி தெரிந்தவர்கள். லிஞ்சை மாயக்கார ஆசிரியனாகக் கற்பித்துக்கொண்டு அவரோடு சதுரங்கம் ஆடினார்கள். நம் சிறுபத்திரிகைகள் ஆசிரியனின் மரணத்தை விவாதித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அமெரிக்காவில் ஆசிரியன் முன்னெப்போதையும்விடத் திடகாத்திரமாக இருந்தான். எல்லாக் குறிகளும் அவன் வைத்தவை. ஒரு குறிகூட வீட்டிலிருந்து, வாழ்க்கையிலிருந்து வந்திருக்காது.

காதலன், போதைக் கடத்தல்காரன், மனநல மருத்துவர், ஷெரீஃப், ஏன் கூப்பரே என்று எல்லோர் மேலும் சந்தேகம் விழுந்தது. அப்பா லீலேண்ட் பாமரைச் சந்தேகித்தவர்களும் இல்லாமலில்லை. ஆனால் ஊகத்தின் பொதுப்போக்கு அவரைச் சுற்றிக்கொண்டுதான் போயிற்று. இத்தனைக்கும் தொடர் எதையும் மறைக்கவில்லை. நீண்ட முடிவைத்த பாப் என்பவனின் உருவத்தை லாராவின் அம்மா சேரா காண்பது காட்டிலல்ல, மகளின் கட்டில் காலடியில். சவ அடக்கத்தின்போது லீலேண்ட் சவப்பெட்டிமேல் விழுகிறார், பெட்டியை இறக்கும் பொறி பழுதாகி மேலும் கீழும் போய்வருகிறது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அப்போது சேரா, இதையும் கெடுத்துவிடாதே என்ற பொருளில் கத்துகிறாள். அந்த 'உம்'மை யாரும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கவில்லை. இலக்கணத்தில் அது இறந்தது தழீஇய எச்சவும்மை: முன்பு கெடுத்தது ஒன்று இருக்கிறது. கண்மணிக்குள் மோட்டார் சைக்கிளைத் தேடியவர்களுக்குக் காதில் விழுந்த விகுதி துப்பாகவில்லை.

இன்னும் ஒன்று. முதல் பருவத்தின் கடைசிப் பகுதியில் லீலேண்ட் ஆஸ்பத்திரிக்குள் போய், கைதாகிப் படுத்திருக்கும் ஜாக் ரெனோவைத் தலையணையால் அமுக்கிக் கொல்கிறார். திரையில், நம் கண்முன். ஒரு கொலைகாரன் கொலை செய்வதைப் பார்த்துவிட்டுத்தான் கொலைகாரன் யார் என்று கோடைக்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காரணம் தயாராக இருந்தது: பெற்ற வயிறு எரியாதா? தந்தையின் துயரம் என்று ஒரு பெயர் கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே வேறு காரணம் தேடுவது அநாகரிகம். ஊர் நீதிபதியும் அப்படித்தான் நினைத்தார், அவரை ஜாமீனில் விட்டார். வெளியே வந்தவர் லாராவின் ஒன்றுவிட்ட சகோதரி மேடியைக் கொன்றார்.

1990 செப்டம்பரில், லிஞ்சின் மகள் ஜெனிஃபர் லிஞ்ச் எழுதிய 'லாரா பாமரின் ரகசிய நாட்குறிப்பு' புத்தகமாக வெளிவந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து பாப் இரவில் அறைக்கு வருவதை லாரா எழுதியிருந்தாள். பூட்டிய வீட்டுக்குள் வருஷக்கணக்கில் ஓர் ஆண் எப்படி வந்துபோக முடியும்? அந்தப் புத்தகத்தைத் துப்புக் குறிப்பேடாகப் படிக்கலாம், ஒரு குழந்தையின் வாக்குமூலமாகவும் படிக்கலாம். முன்னது விளையாட்டு. பின்னதைப் படித்தால் விளையாட்டு அங்கேயே முடிந்துபோகும்.

இந்தக் காணாமைக்கு ஒரு முன்கதை உண்டு. 1896 ஏப்ரலில் வியன்னா மருத்துவர்களிடம் ஃப்ராய்டு, தன்னிடம் வந்த ஹிஸ்டீரியா நோயாளிகள் குழந்தைப் பருவத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று சொன்னார். அடுத்த வருஷம் செப்டம்பர் 21 அன்று நண்பர் ஃப்ளீஸுக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கொள்கையைக் கைவிட்டார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, அதை ஏற்றால் ஒவ்வொரு முறையும் தந்தையைக் குற்றவாளி ஆக்க வேண்டியிருக்கிறது என்பது. அதற்குப் பின் மகள் சொன்னது நிகழ்வாக இல்லாமல் விருப்பமாக, கற்பனையாக, விளக்கப்பட வேண்டிய குறியாக ஆயிற்று. ஜூடித் ஹெர்மன் 1981-இல் தந்தை-மகள் தகாப்புணர்ச்சி பற்றிய நூலை வெளியிட்டபோது, இப்படி ஆழத்துக்கு அனுப்பப்பட்ட சாட்சியத்தை மேலே கொண்டுவருவதே பெரும்பாடாக இருந்தது.

அமெரிக்காவின் எண்பதுகள் குழந்தைகள் மீதான வன்முறையைப் பற்றிப் பேசாமலில்லை, நிறையப் பேசின. ஆனால் எங்கே தேடின? கலிஃபோர்னியாவின் மக்மார்ட்டின் மழலையர் பள்ளி மீது 1983-இல் எழுந்த புகார், சாத்தான் வழிபாடு, நிலத்தடிச் சுரங்கம் என்று வளர்ந்து, அந்நாட்டின் மிக நீண்ட, மிக அதிகச் செலவான குற்ற வழக்குகளில் ஒன்றாகி, 1990-இல் ஒருவருக்கும் தண்டனையின்றி முடிந்தது. குடும்பத்துக்கு வெளியே சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த அதே வருஷத்தில்தான் 'ட்வின் பீக்ஸ்' வந்தது.

பதிலைச் சொன்னவர்களும் கடைசிவரை ரகசியம் காத்தார்கள். மேடி கொல்லப்படும் காட்சியை லீலேண்டாக நடித்த ரே வைஸை வைத்து மட்டுமல்ல, அவருடைய முதலாளி பென் ஹார்னாக நடித்த ரிச்சர்ட் பெய்மரை வைத்தும் எடுத்தார்கள், படப்பிடிப்புக் குழுவுக்கே தெரியக்கூடாதென்று. அந்த மர்மத்தை ஒருபோதும் அவிழ்க்க விரும்பவில்லை, நிறுவன நெருக்கடியால் பொன் முட்டையிடும் வாத்தைக் கொன்றோம் என்று லிஞ்ச் பல தடவை சொல்லியிருக்கிறார். எனக்கு இதில் உடன்பாடில்லை. அவிழ்க்காமல் விட்டிருந்தால் லாரா என்றைக்கும் அழகான பிணமாக, சட்டமிட்ட புகைப்படமாக இருந்திருப்பாள். முட்டை யாருக்குப் பொன் என்று கேட்க வேண்டாமா?

அவிழ்ந்த பிறகும் ஊகம் ஓயவில்லை என்பதுதான் ஆச்சரியம். யார் என்று தெரிந்தவுடன் 'ஏன்' ஆரம்பித்தது. லீலேண்டுக்குள் பாப் புகுந்திருந்தான், சிறுவனாக இருந்தபோதே அவனை உள்ளே அனுமதித்தேன் என்று சிறையில் சாகும்போது லீலேண்ட் சொல்கிறார். கூப்பர் மடியில் ஏந்தி வழியனுப்புகிறார். அழகான காட்சி, அதனாலேயே சங்கடமானது. பிறகு காட்டில் நாலு ஆண்கள் நின்று பேசுகிறார்கள். ஷெரீஃபுக்குப் பேயை நம்ப முடியவில்லை. ஒரு மனிதன் தன் மகளையே வன்புணர்ந்து கொன்றான் என்று நம்புவது மட்டும் சுலபமா என்று கூப்பர் திருப்பிக் கேட்கிறார். மனிதர்கள் செய்யும் தீமைக்குத்தான் பாப் என்று பெயரோ என்னவோ என்கிறார் ஆல்பர்ட். தொடர் இரண்டு கதவுகளையும் திறந்து வைத்தது. விளக்கத்தை விரும்பியவர்கள் பேயின் கதவில் கூட்டமாக நுழைந்தார்கள். பேய் வந்தால் நோக்கம் அப்பாவுடையதல்ல.

1992-இல் லிஞ்ச் எடுத்த 'ஃபயர் வாக் வித் மீ' திரைப்படம் அந்தக் கதவைப் பாதி சாத்தியது. லாராவின் கடைசி நாட்கள் அதில் வருகின்றன, இம்முறை அவள் பிணமல்ல. சாப்பாட்டு மேசையில் லீலேண்ட் மகளின் கையைப் பிடித்து, நகத்தில் அழுக்கு இருக்கிறது, கழுவவில்லை என்று மிரட்டுகிறார். அம்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நகத்துக்கடியில் எழுத்துத் தேடிய விளையாட்டு மொத்தமும் இந்தச் சில நிமிஷங்களில் கூசிப்போகிறது. அமெரிக்காவில் படம் ஓடவில்லை. துப்புக் கேட்டு வந்தவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. வீட்டுக்குள்ளேயே வன்முறைக்கு ஆளானவர்கள் தன்னிடம் வந்து, இந்தப் படம் எடுக்கப்பட்டதற்கு நன்றி சொன்னதாக லாராவாக நடித்த ஷெரில் லீ கூறியிருக்கிறார். அந்தப் பார்வையாளர்களுக்கு நோக்கம் எது என்பதில் குழப்பமிருந்திருக்காது.

2017-இல் பதினெட்டுப் பகுதிகளாகத் தொடர் திரும்பி வந்தது. எட்டாம் பகுதியில், 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்ஸிகோவில் வெடித்த முதல் அணுகுண்டின் புகைக்குள் பாபின் முகம் தெரிகிறது. காரணம் இப்போது வரலாற்றின் அளவுக்கு, அண்டத்தின் அளவுக்குப் பெரிதாகிவிட்டது. அணுகுண்டைக் குற்றம் சொல்வதில் எனக்கென்ன ஆட்சேபம். ஆனால் அதே பகுதியில் 1956-இல் தூங்கும் ஒரு சிறுமியின் வாய்க்குள் ஏதோவொரு பூச்சி நுழைகிறது, அவள்தான் பிற்காலத்துச் சேரா என்று ரசிகர்கள் ஊகித்தார்கள், ஃப்ராஸ்ட் அதே வருஷம் எழுதிய நூலும் அதற்கு இடம் கொடுத்தது. பெரிய தீமை அம்மாவுக்குள் குடியிருந்ததாம். 2025 ஜனவரியில் லிஞ்ச் இறந்த பிறகு இனி அவரிடம் கேட்கவும் முடியாது, ஊகம் தொடர்கிறது. அப்பா, பேய், அணுகுண்டு என்று சுற்றி வந்த விரல் கடைசியில் அம்மாவைக் காட்டுகிறது, 'இதையும் கெடுத்துவிடாதே' என்று முதலிலேயே சொன்னவளை.