டி.டி.பி-43

டி.டி.பி-43 என்பது உயிரணு உட்கருவில் மிகுந்து காணப்படும், ஆர்.என்.ஏ.வுடன் பிணையும் புரதம். 414 அமினோ அமிலங்கள் கொண்டது. இதற்கான மரபணு மனிதரின் 1ஆம் குரோமோசோமில் உள்ளது. நோய் தரும் மரபுப்பிறழ்வுகளில் பெரும்பாலானவை கிளைசின் மிகுந்த வால்பகுதியில் அமைகின்றன.

1995இல் எச்.ஐ.வி. ஆய்வில் இனங்காணப்பட்டது. ஏ.எல்.எஸ். எனும் இயக்க நரம்பணு நோயிலும், முன்மடல்-பொட்டுமடல் மறதிநோயின் ஒரு பெரும்பிரிவிலும் நரம்பணுக்களில் சேரும் படிவுகளின் முதன்மைக் கூறு இதுவே என 2006இல் கண்டறியப்பட்டது. ஏ.எல்.எஸ். நோயாளிகளில் ஏறத்தாழ 97 விழுக்காட்டினரிடம் இப்படிவு உண்டு. இப்புரதத்தின் மரபணுவில் பிறழ்வு உள்ளவர்களோ மிகச் சிலரே.

நோயுற்ற நரம்பணுவில் இப்புரதம் உட்கருவை விட்டு வெளியேறி, சைட்டோபிளாசத்தில் திரள்கிறது. திரளின் நச்சுத்தன்மையைப் போலவே உட்கருவில் நேரும் வெறுமையும் கேடானது. இயல்பாக இப்புரதத்தால் ஒதுக்கப்பட வேண்டிய மறை எக்சான்கள் அப்போது தூது ஆர்.என்.ஏ.வில் புகுந்துவிடுகின்றன. நரம்பிழை மீள்வளர்ச்சிக்குத் தேவையான ஸ்டாத்மின்-2 புரதம் குறைவது இவ்வாறே. 2019இல் வெளியான ஆய்வுகள் இதை நிறுவின. முதியோரிடம் அல்சைமர் போலத் தோன்றும் ‘லேட்’ எனும் மறதிநோயும் இப்புரதத் திரளால் வரையறுக்கப்படுகிறது.