கலையும் விகலையும்: பாக் நீரிணையின் எல்லைப் புள்ளிகள் படகின் திரைக்கு வந்த வரலாறு

1974 ஜூன் மாதம் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரையிலான கடற்பரப்பை ஆறு புள்ளிகளைக் கொண்டு பிரித்தது. அப்புள்ளிகள் வருமாறு:

1. வடக்கு 10°05', கிழக்கு 80°03'
2. வடக்கு 09°57', கிழக்கு 79°35'
3. வடக்கு 09°40.15', கிழக்கு 79°22.60'
4. வடக்கு 09°21.80', கிழக்கு 79°30.70'
5. வடக்கு 09°13', கிழக்கு 79°32'
6. வடக்கு 09°06', கிழக்கு 79°32'

நான்காம் புள்ளி கச்சத்தீவுக்கு அருகே, அத்தீவை இலங்கைப் பக்கத்தில் விட்டுச் செல்வது. அந்த ஒரு காரணத்தால் இவ்வொப்பந்தத்தைப் பற்றிய எழுத்துகள் அனைத்தும் தீவின் உரிமையையே சுற்றி வந்துள்ளன. எல்லையைத் தாங்கி நிற்கும் இந்த எண்களை எவ்வாறு வாசிப்பது என்னும் கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படவே இல்லை. ஆனால் கடலில் தொழில் செய்பவருக்கு எல்லை என்பது இந்த எண்கள்தாம். விசைப்படகின் சுக்கான் அறையில் பொருத்தப்பட்டுள்ள சார்ட்பிளாட்டரின் கைப்பிடி அளவுத் திரையில் படகின் நிலையும் எல்லைக் கோடும் எண்களாகவே தோன்றுகின்றன. அந்த எண்கள் எந்த அலகில் எழுதப்பட்டவை, எந்த அளவைச் சட்டகத்தில் அமைந்தவை, எவ்வளவு துல்லியம் உடையவை ஆகிய மூன்றையும் திரை தானாகச் சொல்வதில்லை.

முதலில் அலகு. வட்டத்தை 360 பாகைகளாகவும், பாகையை 60 கலைகளாகவும், கலையை 60 விகலைகளாகவும் பகுப்பது பழைய வழக்கம். மாலுமிகளின் உலகில் விகலையின் இடத்தைக் கலையின் தசமப் பின்னம் பிடித்துக்கொண்டது. அட்சரேகையின் ஒரு கலை ஏறத்தாழ ஒரு கடல் மைல் என்பதால், கலையின் பத்தில் ஒரு பங்கு என்பது கடல் மைலின் பத்தில் ஒரு பங்காகிறது, கணக்கு எளிது. செயற்கைக்கோள் அலைவாங்கிகள் கப்பற்கருவிகளுக்குச் செய்தி அனுப்பும் என்.எம்.இ.ஏ. 0183 என்னும் நெறியும் நிலையைப் பாகையாகவும் கலையின் தசமமாகவுமே அனுப்புகிறது. சார்ட்பிளாட்டர் அதனைப் பெற்று, பயனர் தேர்ந்த வடிவத்திற்கு மாற்றிக் காட்டுகிறது. அமைப்புப் பட்டியலில் மூன்று வடிவங்கள் வழக்கமாக இருக்கும்: பாகையும் தசமக் கலையும், பாகை, கலை, விகலை, தசமப் பாகை. ஒரே புள்ளிக்கு மூன்று தோற்றங்கள் என்று பொருள்.

1974 ஒப்பந்தம் எந்த வடிவத்தில் எழுதப்பட்டது என்பதற்கு அதற்குள்ளேயே சான்று உள்ளது. நான்காம் புள்ளியில் வரும் 21.80, 30.70 ஆகியவற்றின் கடைப்பகுதி விகலையாக இருக்க இயலாது. 60 விகலைக்கு மேல் விகலை இல்லை. ஆகவே அவை தசமக் கலைகள். மூன்றாம் புள்ளியின் அட்சரேகையில் இத்தகைய உட்சான்று கிடையாது. 40.15 என்பதை 40 கலை 15 விகலை என்று படிப்பதற்குத் தடையேதும் இல்லை. உண்மையில் 0.15 கலை என்பது 9 விகலையே. இந்தத் தவறான வாசிப்பு புள்ளியை வடக்கே ஏறத்தாழ 184 மீட்டர் நகர்த்திவிடும். தீர்க்கரேகையில் விளைவு இன்னும் பெரிது. 22.60 என்பது 22 கலை 36 விகலை. அதனை 22 கலை 60 விகலை, அதாவது 23 கலை என்று கொண்டால் புள்ளி கிழக்கே ஏறத்தாழ 730 மீட்டர் தள்ளிப்போகும்.

இங்குத் திசை முக்கியமானது. மூன்றாம் புள்ளி, எல்லைக்கோடு இந்தியக் கரையை நோக்கி வளைந்து வரும் முனை. அதற்குக் கிழக்கே இலங்கையின் நீர். எண்ணைத் தவறாக உள்ளிட்டவரின் திரையில் எல்லை உண்மையில் இருப்பதைவிடக் கிழக்கே தெரியும். தம் நாட்டுக் கடலில் நிற்பதாக அவர் நம்பும் வேளையில் படகு அடுத்த நாட்டின் நீரில் இருக்கக்கூடும். மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் செல்லும் படகு 730 மீட்டரை ஐந்து நிமிடத்திற்குள் கடந்துவிடும். மாறாக, அதே எண்ணைத் தசமப் பாகையாக, 9.4015 என்றும் 79.2260 என்றும் ஒருவர் உள்ளிட்டால் புள்ளி 30 கிலோமீட்டருக்கும் மேல் விலகி மண்டபம் பக்கம் போய் நிற்கும். அப்பிழை பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத சிறு பிழையே.

இரண்டாவது, சட்டகம். பூமி சீரான உருண்டை அன்று. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கணிக்க, பூமிக்கு ஒரு கணித வடிவத்தையும் அவ்வடிவம் பூமியோடு பொருந்தும் ஒரு தொடக்க இடத்தையும் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டையே நிலவளவையாளர் டேட்டம் என்பர். டேட்டம் மாறினால் அதே எண் வேறோர் இடத்தைக் குறிக்கும்.

இந்தியாவில் இந்த வரலாறு 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோட்டை அளந்ததோடு தொடங்குகிறது. முக்கோண அளவை அங்கிருந்து வடக்கே நகர்ந்தது. லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் கணித்த பூமி வடிவமும், இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள கலியான்பூர் என்னும் தொடக்க இடமும் இந்திய வரைபடங்களின் ஆதாரமாயின. இலங்கையும் எவரெஸ்ட் வடிவத்தையே ஏற்றது. ஆனால் தொடக்க இடமாகக் கந்தவளையைக் கொண்டது. வடிவம் ஒன்று, நங்கூரம் இரண்டு. ஒரே எண்ணை இந்திய டேட்டத்தில் வாசித்தால் ஓர் இடமும், கந்தவளை டேட்டத்தில் வாசித்தால் சில நூறு மீட்டர் தள்ளி வேறோர் இடமும் கிடைக்கும்.

சட்டகம் பிழைபட்டால் என்ன நிகழும் என்பதற்குச் சென்னையே பழைய எடுத்துக்காட்டு. 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வகத்தின் தீர்க்கரேகை, இந்திய அளவையின் கிழக்கு மேற்குக் கணக்கு முழுவதற்கும் அடிப்படையாயிற்று. பின்னாளில் தந்திக் கம்பி வழியே நேரத்தை ஒப்பிட்டு அளந்தபோது, வரைபடங்களில் எடுத்தாளப்பட்ட மதிப்பு ஏறத்தாழ இரண்டரைக் கலை கூடுதல் என்று தெரிந்தது. சென்னையின் அட்சரேகையில் அது நான்கரைக் கிலோமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சான நிலவரைபடங்கள் பலவற்றின் ஓரத்தில், தீர்க்கரேகைகளை இவ்வளவு குறைத்துக்கொள்க என்னும் குறிப்பு இடம்பெற்றது. நாடு முழுவதும் ஒன்றாக நகர்ந்திருந்ததால் நிலத்தில் யாருக்கும் இடையூறு நேரவில்லை. வெளியிலிருந்து வேறொரு சட்டகம் வந்து சேரும்போதுதான் இத்தகைய விலகல் வெளிப்படும்.

அப்படி வெளியிலிருந்து வந்தது ஜி.பி.எஸ். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இத்திட்டத்திற்கு 1973 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது. அது பயன்படுத்தும் சட்டகமான டபிள்யூ.ஜி.எஸ். 84, பெயர் சுட்டுவதுபோல 1984ஐச் சேர்ந்தது. 1974இல் எல்லைப் புள்ளிகளை எழுதியவர்கள் கண்ட உலகில் இச்சட்டகமே இல்லை. ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு, இவை புவியியல் ஆயத்தொலைவுகள் என்று கூறி இணைப்பு வரைபடத்தைச் சுட்டுகிறது. டேட்டத்தின் பெயரைக் கூறவில்லை. புள்ளிகளின் உண்மையான இருப்பிடத்தை இரு அரசுகளின் அளவையாளர்கள் இசைந்து ஏற்கும் முறையில் தீர்மானிக்கலாம் என்று மூன்றாம் பிரிவு அப்பணியை ஒதுக்கி வைக்கிறது. எண் வேறு, கடலில் அது குறிக்கும் இடம் வேறு என்பதை ஒப்பந்தத்தை எழுதியவர்கள் அறிந்தே இருந்தனர்.

பாக் நீரிணைப் பகுதியில் இந்திய டேட்டத்திற்கும் டபிள்யூ.ஜி.எஸ். 84க்கும் இடையிலான விலகல் 200 மீட்டருக்கு மேல். இதனால்தான் பழைய கடல் வரைபடங்களில், செயற்கைக்கோள் தரும் நிலையை இத்தனை கலை நகர்த்திய பிறகே இவ்வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று அச்சிடுவது மரபாயிற்று. இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பொதுப் பயன்பாட்டு நிலவரைபடங்களை டபிள்யூ.ஜி.எஸ். 84க்கு மாற்றியது. காகிதத்தின் ஓரத்தில் இருந்த எச்சரிக்கை, சார்ட்பிளாட்டரில் அமைப்புப் பட்டியலின் உள்ளறைக்குப் போய்விட்டது. அங்கே டேட்டத்தைத் தெரிவு செய்யும் வரி ஒன்று இருக்கும். அதில் யாரேனும் கைவைத்திருந்தால் திரையில் உள்ள எண் மாறும். படகு இருக்கும் இடம் மாறாது.

மூன்றாவது, துல்லியம். பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். குறிகையை அமெரிக்கா வேண்டுமென்றே சிதைத்து வந்தது. அதனால் பிழை 100 மீட்டர் வரை சென்றது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தச் சிதைவு நிறுத்தப்பட்டது. இன்று நல்ல நிலையில் பிழை சில மீட்டர்களே. ஆனால் அன்றும் இன்றும் திரையில் கலையின் மூன்றாம் தசமம் வரை எண் ஒளிர்கிறது. மூன்றாம் தசமத்தின் ஓர் அலகு இரண்டு மீட்டருக்கும் குறைவு. 1999இல் ஒரு மாலுமி கண்ட மூன்றாம் தசமத்திற்குப் பொருளே இல்லை. எண் நீண்டிருந்ததனாலேயே அது நம்பத்தக்கதாகத் தோன்றியது.

எண்ணே இல்லாத கடலும் உண்டு. குசராத்தின் கட்ச் பகுதிக்கும் சிந்துவுக்கும் இடையிலுள்ள சர் கிரீக் கழிமுகத்தில், எல்லை நீரோட்டத்தின் நடுவே செல்கிறது என்பது இந்தியாவின் நிலை; கிழக்குக் கரையில் செல்கிறது என்பது பாகிஸ்தானின் நிலை. இரு தரப்பும் 1914ஆம் ஆண்டின் பம்பாய் அரசுத் தீர்மானத்தையே வெவ்வேறாக வாசிக்கின்றன. 1968இல் தீர்ப்பு வழங்கிய கட்ச் தீர்ப்பாயம் இக்கழிமுகத்தைத் தொடவில்லை. நில எல்லையின் கடைசிப் புள்ளி முடிவாகாததால் கடல் எல்லையின் முதற்புள்ளியும் இல்லை. அங்கே மின்வரைபடம் ஒரு கோட்டைக் காட்டினாலும் அது வரைந்தவரின் ஊகமே. ஆயினும் கோட்டைத் தாண்டியதாகக் கூறிப் படகுகள் பிடிபடுவதும் மீனவர்கள் சிறையில் ஆண்டுகளைக் கழிப்பதும் இரு புறமும் தொடர்கின்றன.

கரையோரச் சமூகங்கள் முன்பு இடத்தை அறிந்த முறை வேறு. கரையிலுள்ள கோபுரமும் அதன் பின்னுள்ள மேடும் ஒரே நேர்கோட்டில் வரும் இடம், நீரின் நிறம், ஆழக்கயிற்றில் ஒட்டிவரும் மண் ஆகியவற்றைக் கொண்டு அவர்கள் மீன்பாரைக் கண்டறிந்தனர். அந்த அறிவைச் சோதிக்கும் ஆற்றல் அதை உடையவரிடமே இருந்தது. ஆயத்தொலைவு அப்படிப்பட்டதன்று, அதன் அலகும் சட்டகமும் வேறெங்கோ முடிவு செய்யப்பட்டவை. இலங்கையின் 1979ஆம் ஆண்டு அயல்நாட்டு மீன்பிடிப் படகுகள் சட்டத்தின் கீழோ, இந்தியாவின் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழோ தொடுக்கப்படும் வழக்கில், படகு எங்கே இருந்தது என்பதற்கு நீதிமன்றத்தில் எண்ணே சான்று. அந்த எண்ணை ஆக்குவதில் எப்பங்கும் இல்லாதவர் அதன் விளைவை முழுமையாக ஏற்கிறார்.

எல்லை மீறல்கள் யாவும் எண் பிழையால் நிகழ்கின்றன என்று கூறுவது வரலாற்றுக்கு நியாயமாகாது. ஒடுங்கிய கடல், இழுவலைப் பெருக்கம், இந்தியக் கரையோரம் மீன்வளம் குன்றியமை ஆகியவை அறிந்தே எல்லை தாண்டச் செய்யும் காரணங்கள். அதன் இழப்பை வட இலங்கையின் தமிழ் மீனவரும் சுமக்கின்றனர். ஆயினும் அறிந்து தாண்டியவரையும் அறியாமல் தாண்டியவரையும் பிரித்துப் பார்க்க வேண்டுமெனில், எண்ணை வாசிக்கும் முறையை முதலில் தெளிவாக்கியாக வேண்டும்.

இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள்கள் 2013 முதல் ஏவப்பட்டன. ஒரு லட்சம் படகுகளில் இருவழித் தொடர்புக் கருவிகளைப் பொருத்தும் ஒன்றிய அரசுத் திட்டம் 2024இல் தொடங்கப்பட்டது. எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கும் வசதி இத்தகைய கருவிகளில் உண்டு. அலைவாங்கி புதியதாயினும் அது ஒப்பிடும் கோடு 1974இன் ஆறு வரிகளிலிருந்தே பிறக்கிறது. எனவே எல்லை எண்ணை மீனவர் கையில் கொடுக்கும் எந்த அறிவிப்பும் மூன்று செய்திகளை உடன் சொல்லியாக வேண்டும்: இது தசமக் கலையா விகலையா, எந்த டேட்டம், எத்தனை மீட்டர் வரை நம்பலாம். எல்லை ஒப்பந்தங்களை ஆராயும் மாணவரும் வாசகத்தோடு நின்றுவிடாமல், அதனுடன் இணைத்த வரைபடத்தையும் அவ்வரைபடத்தின் ஓரக் குறிப்பையும் மூலச் சான்றாகவே கொள்ள வேண்டும். மூன்றாம் புள்ளியில் 60 என்று எழுதப்பட்டதற்கும் அது குறித்த 36 விகலைக்கும் இடையே அரைக் கலைக்கும் குறைவான வேறுபாடுதான் உள்ளது. ஒரு படகு பிடிபடுவதற்கும் கரை திரும்புவதற்கும் அந்தத் தொலைவு போதும்.