காணைக்கு வந்த சிவப்பு உப்பு

சம்பா நெல் தூர் கட்டும் பருவத்தில் காணை ஊர்ப் பக்கத்து வயல்களில் யூரியாவோடு கலந்து வீசும் சிவப்புக் குருணைதான் பொட்டாஷ். கையில் அள்ளினால் செங்கல்லை இடித்துச் சலித்தது போல இருக்கும். வியர்த்த விரலில் ஒட்டிக்கொள்ளும், ஈரக்காற்று பட்டால் கட்டி தட்டிவிடும். தண்டுக்கு உறுதியும் மணிக்கு எடையும் தருவது இதுதான். குறைந்தால் இலை நுனியிலிருந்து ஓரமாகக் கருகிவரும், பதர் கூடும், ஒரு காற்றடித்தால் பயிர் சாயும். கரும்புக்கோ நெல்லைவிட இன்னும் அதிகமாக வேண்டும்.

யூரியா தூத்துக்குடியிலும் மணலியிலும் தயாராகிறது. பொட்டாஷ் அப்படியல்ல. நாட்டின் தேவைக்கு இதை வெட்டித் தரும் சுரங்கம் இந்தியாவில் இல்லாததால் கனடா, ரஷ்யா, பெலாரஸ், இஸ்ரேல், ஜோர்டான் நாடுகளிலிருந்துதான் வர வேண்டும். அதில் பெலாரஸ் சரக்கு வந்த பாதையைப் பின்தொடர்ந்து பார்த்தால், ஊருக்குச் சம்பந்தமே இல்லாததாகத் தோன்றும் ஒரு போர் எவ்வளவு தூரம் வந்து நம் கணக்கில் ஏறுகிறது என்று தெரியும்.

பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க்குக்குத் தெற்கே இருக்கிறது சலிகோர்ஸ்க். 1958-இல் இந்த உப்புக்காகவே எழுப்பப்பட்ட ஊர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடலின் படிவம் அங்கே பல நூறு மீட்டர் ஆழத்தில் படுத்திருக்கிறது. அதை வெட்டி, அரைத்து, சாதாரண உப்பைப் பிரித்துக் கழித்து, மிஞ்சும் பொட்டாஷை ரயிலேற்றுவார்கள். கழித்த உப்பு ஊரைச் சுற்றி மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. உலகத்தின் பொட்டாஷில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த நாட்டிலிருந்து வந்தது.

2020 ஆகஸ்ட் 9 அன்று அங்கே அதிபர் தேர்தல் நடந்தது. 1994 முதல் ஆட்சியில் இருக்கும் லுகஷென்கோவுக்கு 80 சதவீத வாக்கு என்று அறிவித்தார்கள். மக்கள் நம்பவில்லை. லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். அடி உதையும் சிறையும்தான் பதில். சலிகோர்ஸ்க் சுரங்கத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒருவர் சுரங்கத்துக்குள்ளேயே தன்னை விலங்கிட்டுக்கொண்டு மேலே வர மறுத்தார். நம் வயலுக்கு வரும் உப்பை வெட்டிய கைகள் அவை. அந்த ஒடுக்குமுறைக்காகத்தான் 2021 ஆகஸ்டில் அமெரிக்கா பெலாரஸ் பொட்டாஷ் நிறுவனத்தின் மீது தடை விதித்தது, டிசம்பரில் அதன் ஏற்றுமதி நிறுவனத்தின் மீதும். 2022 பிப்ரவரி 1 முதல் லித்துவேனியா தன் ரயில் பாதையை மூடியது. கிளைபேடா துறைமுகம் வழியாக ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி டன் போய்க்கொண்டிருந்த வழி அதோடு அடைபட்டது.

மூன்றே வாரத்தில், பிப்ரவரி 24 அன்று, பெலாரஸ் மண்ணிலிருந்தும் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்து கீவ் நோக்கிப் போனது. புச்சா நகரில் 400-க்கும் மேற்பட்ட உடல்களை விட்டுவிட்டுத் திரும்பியதும் அந்தப் பக்கம் போன படைதான். 2024 முடிவதற்குள் உக்ரைனில் 12,000-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்ததை ஐ.நா. சரிபார்த்திருக்கிறது, உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதல் என்பதையும் ஐ.நா.வே சொல்கிறது.

மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் படையெடுப்பைக் கண்டித்து 141 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்த ஐந்தில் பெலாரஸ் ஒன்று. இந்தியா உட்பட 35 நாடுகள் விலகி நின்றன. அரசின் கை உயர்ந்ததை வைத்து பெலாரஸ் மக்களின் மனத்தை அளந்தால் தப்பாகப் போகும். அந்த நாட்களில் ராணுவ ரயில்களைத் தாமதப்படுத்த சிக்னல் பெட்டிகளைச் சேதப்படுத்தியவர்கள் பெலாரஸ் ரயில்வே ஊழியர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும். பிடிபட்டவர்களுக்கு நீண்ட சிறை. லண்டனின் சாத்தம் ஹவுஸ் ஆய்வு நிறுவனம் நடத்திய இணையக் கணிப்புகளில், தம் படையும் போருக்குப் போகட்டும் என்றவர்கள் மிகச் சிலரே. அது நகரவாசிகளிடம் மட்டும் எடுத்த கணிப்பு. கேள்விக்குப் பதில் சொல்லவே பயப்படும் நாடும்கூட. அப்படியிருந்தும் இந்த விடை வந்திருக்கிறது என்பதால் இதை நான் நம்புகிறேன்.

இனி நம் பக்கத்துக் கணக்கு. 2021 ஜனவரியில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் பொட்டாஷ் நிறுவனம் பெலாரஸ் சரக்கை டன் 247 டாலருக்குப் பேசி முடித்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கனடா சரக்குக்கு 590 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. சுமார் ஆயிரம் ரூபாய்க்கு விற்ற 50 கிலோ மூட்டை 1,700 ஆனது. மூட்டை விலையின் இந்த ஏற்றம் 2022 ஜனவரியிலேயே, அதாவது உக்ரைனில் முதல் குண்டு விழும் முன்பே வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். மின்ஸ்க் தெருவில் விழுந்த அடிதான் முதலில் நம் மூட்டையைத் தொட்டது. கீவ் போர் அந்த விலையை இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டது.

நெல்லுக்கு ஹெக்டேருக்கு 50 கிலோ சாம்பல் சத்து என்ற பரிந்துரைப்படி, பொட்டாஷ் முழுவதும் அந்தச் சத்து அல்ல என்பதால், ஏக்கருக்குச் சுமார் 34 கிலோ பொட்டாஷ். பழைய விலையில் 680 ரூபாய், புதிய விலையில் 1,156. இது போக, 2022 காரீப் பருவத்தில் சாம்பல் சத்துக்கு மத்திய அரசு கிலோவுக்கு 25.31 ரூபாய் மானியம் கொடுத்தது; மூட்டைக்கு 759 ரூபாய். அதுவும் நம் வரிப்பணம்தான்.

கப்பலில் குவியலாக வரும் சரக்கைத் துறைமுகத்தில் மூட்டை பிடித்து, ரயில் ரேக்கில் முண்டியம்பாக்கம் கூட்ஸ் ஷெட் போன்ற இடங்களில் இறக்கி, லாரியில் சொசைட்டிக்கும் கடைகளுக்கும் அனுப்புகிறார்கள். அங்கே ஆதார் எண் சொல்லி, கைரேகை வைத்து வாங்க வேண்டும். 1,700 ரூபாய் கேட்டதும் விவசாயிகள் கையை இழுத்துக்கொண்டார்கள் என்பதை நாட்டு விற்பனையே காட்டுகிறது: 2020-21-இல் 34 லட்சம் டன், 2022-23-இல் 16 லட்சம் டன். போடாமல் விட்ட இந்த 18 லட்சம் டன்தான் அந்த ஒடுக்குமுறையும் போரும் வைத்த செலவில் நம் பங்கு. யூரியா மலிவாக இருந்ததால் அதையே கூடுதலாகப் போட்டு, தழைத்து நின்ற பயிரைப் பார்த்து ஆறுதல் அடைந்தவர்கள் மண்ணிடம் கடன் வாங்கியிருக்கிறார்கள். எந்தப் போர்ச்செலவு அறிக்கையும் இதைச் சேர்த்து எழுதுவதில்லை. இது அநியாயம்.

2025 டிசம்பரில் அமெரிக்கா பெலாரஸ் பொட்டாஷ் மீதான தடையை விலக்குவதாக அறிவித்தது. அதையொட்டி மின்ஸ்க் 123 கைதிகளை விடுவித்தது. நோபல் அமைதிப் பரிசு பெற்ற அலேஸ் பியாலியாத்ஸ்கியும் அவர்களில் ஒருவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசியல் கைதிகள் அப்போதும் உள்ளே இருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் தனியே விதித்திருந்த தடையும் அப்போது நீங்கவில்லை.