நந்தனார் சரித்திரமும் மாயூரத்துத் தீர்ப்பும்

ஒரு நூலைக் குறித்துக் கற்றோர் ஒன்று கூறுவதும் கேட்டோர் வேறொன்று கூறுவதும் புதிதன்று. அவ்விரு தீர்ப்புகளும் ஒரே திண்ணையில் எதிர்ப்பட்ட ஊர், அந்நாளில் மாயூரம் என வழங்கிய மயிலாடுதுறை. வழக்குக்கு இலக்கான நூல், கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை.

பாரதியார் மாயூரத்தை அடுத்த ஆனதாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். சேக்கிழார் சுருங்கக் கூறிய திருநாளைப்போவார் வரலாற்றைக் கீர்த்தனை, நொண்டிச் சிந்து, லாவணி, இருசொல் அலங்காரம் எனப் பல உருவங்களில் விரித்துக் கதாகாலட்சேபத்துக்கு உரியதாக்கினார். பேச்சுவழக்குச் சொற்களையும் அவர் விலக்கவில்லை. காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரியாக இருந்த சீசே துரையின் ஆதரவால், 1860-களின் தொடக்கத்தில் அந்நூல் அச்சேறியது.

அக்கால வழக்கப்படி அதற்குச் சிறப்புப் பாயிரம் வேண்டி, மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பாரதியார் நாடினார். நூலில் கண்ட இலக்கண வழுக்கள் பிள்ளையவர்களை உறுத்தின. மறுத்துரைக்கவும் மனமின்றி அவர் நாள் கடத்தி வந்தார். ஒருநாள் திண்ணையில் காத்திருந்த பாரதியார் தம் கீர்த்தனைகளைப் பாடத் தொடங்கினார். உள்ளேயிருந்து கேட்ட புலவர் உருகினார், பாயிரமும் அளித்தார். இதனை எழுதி வைத்தவர் பிள்ளையவர்களின் மாணாக்கர் உ.வே. சாமிநாதையர்.

செவி வென்றது; ஆயினும் புலமை தன் கொள்கையை விட்டுவிடவில்லை. 1871-இல் பாடம் கேட்க மாயூரம் வந்த சாமிநாதையர் பாரதியாரிடம் இசையும் பயின்றார். அது ஆசிரியரின் செவிக்கு எட்டியது. இசையில் மனம் சென்றால் இலக்கண இலக்கியங்களில் ஊக்கம் குறையும் என்று அவர் கருதியதால், அப்பயிற்சி நின்றது.

வழுவா, இசையா என்னும் இந்த வாதத்தில் மூன்றாவது ஒன்று மறைந்து போயிற்று என்பது என் எண்ணம். சேக்கிழார் நூலில் இல்லாத ஒரு வேதியரைப் பாரதியார் படைத்தார். அவர் நிலக்கிழார், நந்தன் அவருடைய பண்ணையாள். சிதம்பரம் செல்ல விடை கேட்டு நிற்பவனிடம், நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போகுமாறு அவர் கட்டளையிடுகிறார். காவிரிப் படுகையின் வயல்களை அறிந்தவர்க்கு இது வெறும் புராணமாக ஒலித்திருக்க இயலாது. தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952-இல்தான் என்பதை நினைவு கொள்க.

பின்னர் கதை திரையேறியது. 1935-இல் கே.பி. சுந்தராம்பாளும், 1942-இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராகப் பாடி நடித்தனர். பாட்டைக் கேட்டு மக்கள் கண் கலங்கினர். ஆயின் கோயிலுள் புகும் முன் நந்தன் ஏன் தீயில் மூழ்க வேண்டும் என்ற வினாவும் எழுந்தது. இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகம் அத்தீயைச் சூழ்ச்சியாகவே காட்டிற்று.

இத்தகைய வழக்கு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. கறுப்பின மக்களின் தெருப்பேச்சில் பிறந்த ராப் பாடலை, இசையே அன்று என்று அமெரிக்காவில் பலர் ஒதுக்கினர். 2018-இல் கெண்ட்ரிக் லாமர் என்பவரின் சொற்செறிவு மிக்க பாடல் தொகுப்பு, இசைக்குரிய புலிட்சர் பரிசைப் பெற்றது. அதற்குமுன் அப்பரிசு செவ்வியல் இசைக்கும் ஜாஸ் இசைக்குமே சென்றிருந்தது.

பரிசும் பாயிரமும் ஒருவகையில் ஒன்றே. அவை நூலுக்கு வாயில் திறக்கின்றன. நூல் யாரைப் பாடுகிறதோ அவருக்கு வாயில் திறந்ததா என்பது வேறு வினா. மாயூரத்துத் திண்ணையில் புலவர் இலக்கணத்தைத் தளர்த்தினார், அது பெருந்தன்மை. நந்தன் விடை கேட்டு நின்ற திண்ணையில் எவரும் எதையும் தளர்த்தவில்லை. அந்தப் பாட்டைக் கேட்கும்போது நாம் உருக வேண்டிய இடம் அதுவே.