மீரியபெத்தை: தெரிந்திருந்த வழி

2014 அக்டோபர் 29 காலையில், இலங்கையின் பதுளை மாவட்டம் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தை தேயிலைத் தோட்டத்தில், மண்சரிவில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் வரிசையோடு மண்ணுக்குள் போயின. இயற்கையின் சீற்றம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடத்தைப் பார்த்து, குடும்பங்களை அப்புறப்படுத்தச் சொல்லியிருந்தது. மலை சரியும் நாளைச் சொல்வதுதான் கடினம். சரிந்த மண் எந்தப் பக்கம் போகும் என்பதைச் சொல்வது அவ்வளவு கடினமல்ல. மழைநீர் ஊறி இளகிய மண்ணும் பாறையும் பெரும்பாலும் ஓடைப் பள்ளத்தையே பிடித்துக்கொள்ளும். கரைகளை அரித்துப் பருத்து, சாய்வு குறைந்த இடத்தில் விரிந்து நிற்கும். சரிவின் உச்சியையும் அது போய் நின்ற இடத்தையும் இணைக்கும் கோட்டின் சாய்வைக் கொண்டு எட்டும் தூரத்தை அறியலாம் என்பதை, பாறைச் சரிவுகளை ஆராய்ந்த சுவிஸ் நிலவியலாளர் ஆல்பர்ட் ஹைம் 1932இலேயே எழுதிவிட்டார். இன்றைய கணினி மாதிரிகள் நுட்பமானவைதான். ஆனாலும் முதல் சாட்சி நிலமே. மீரியபெத்தைச் சரிவிலேயே பழைய சரிவுகள் கொண்டுவந்து குவித்த தளர்ந்த மண் கிடந்தது.

அபாய வரைபடங்களை அப்படியே நம்பலாமா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். 1990களில் உருவாகத் தொடங்கிய இலங்கையின் மண்சரிவு அபாய வரைபடங்கள், சரிவு எங்கே தொடங்கும் என்பதிலேயே கவனம் வைத்தன. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலையின் உயரத்தில் பிளந்த மண் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் ஓடி அடிவாரக் கிராமங்களை மூடியபோது அந்தக் குறை அம்பலமானது. ஜப்பானோ, 1999 ஹிரோஷிமா மண்சரிவுப் பேரழிவுக்குப் பிறகு 2000இல் இயற்றிய சட்டத்தின்கீழ், ஓடை மலையை விட்டு வெளிவரும் இடத்திலிருந்து சாய்வு 2 பாகையாகக் குறையும் வரையுள்ள நிலத்தையும் அபாய வலயமாக்கியது. அதாவது, ஓடும் வழியையும் நிற்கும் இடத்தையும் வரையலாம். மீரியபெத்தைக்கு அந்தச் சாக்கும் இல்லை. அங்கே ஆபத்து ஏற்கெனவே எழுத்தில் இருந்தது.

சொல்லியும் மக்கள் போகவில்லையே என்பது அடிக்கடி கேட்கும் வாதம். எங்கே போவது? லயம் தோட்டத்துடையது, பிழைப்பும் தோட்டத்தில். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, அது முழுமையாகத் திரும்ப 2003 வரை காத்திருந்த தோட்டத் தொழிலாளர் சமூகத்துக்குச் சொந்தக் காணி என்பது எட்டாததாகவே இருந்தது. 1970களில் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பெனிகளுக்குப் போனது. இடம்பெயர்க்கும் பொறுப்பு யாருடையது என்பது அந்த இடைவெளியில் தொலைந்தது. வரைபடம் அபாயத்தைக் காட்டும், காணி தராது. அழிவுக்குப் பிறகு, 2016இல், பூனாகலையில் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. இரண்டே ஆண்டில் கிடைத்த அந்த நிலம், முதல் எச்சரிக்கைக்குப் பிந்திய ஒன்பது ஆண்டுகளில் கிடைக்கவில்லை.